பன்னிரண்டு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்திய சினிமாவின் நீதிமன்றக் காட்சிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். வங்காளத்துப் பக்கம் வந்ததும் ‘ஸபார் உபரே’ (1955) படத்தை உத்தம் குமார்–சுசித்ரா சென் ஜோடியின் இன்னொரு வெற்றிப்படம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, கட்டுரையாளர் அதன் இந்தி வடிவமான ‘காலா பானி’க்குப் போய்விட்டார். வெகுகாலமாகக் கொல்கத்தாவில் இருக்கும் எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது. இந்த ஊரில் அந்தப் படத்தின் பேரைச் சொன்னால், பெரியவர்கள் முதலில் சொல்வது காதல் காட்சியை அல்ல. அதில் அப்பாவாக நடித்த சபி பிஸ்வாஸ் போட்ட ஒரு கூச்சலைத்தான்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அப்பா கொலைக் குற்றவாளியாகச் சிறையில் இருக்கிறார் என்பது வளர்ந்த பிறகுதான் மகனுக்குத் தெரிகிறது. நதியா மாவட்டத்துக் கிருஷ்ணநகருக்குப் போய், ஆறிப்போன வழக்கை மறுபடி கிளறுகிறான். பழைய சாட்சிகளைத் தேடி அலைகிறான். அந்த வழக்கு அப்படியே கிடந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் குறுக்கே நிற்கிறார்கள். ஏ.ஜே. க்ரோனினின் ஆங்கில நாவல்தான் மூலம். ‘அக்ரதூத்’ என்ற பெயரில் இயங்கிய குழு இயக்கியது. முந்தைய வருஷம் ‘அக்னி பரீட்சா’ எடுத்து இதே ஜோடியை உச்சத்தில் கொண்டுபோய் வைத்தவர்களும் அவர்கள்தான். அதனால் கட்டுரையாளர் ஜோடியை நினைத்ததில் தப்பில்லை.

ஆனால் துப்பறியும் பகுதி முடிந்து, உண்மை வெளியே வந்த பிறகுதான் இந்தப் படம் மற்ற நீதிமன்றப் படங்களை விட்டு விலகுகிறது. வழக்கமாக என்ன நடக்கும்? தீர்ப்பு வரும், கைதட்டல், அப்பாவும் பிள்ளையும் கட்டிக்கொள்வார்கள், சுபம். இங்கே நிரபராதி என்று தெரிந்த மனிதர் நன்றி சொல்லவில்லை. “என்னுடைய அந்தப் பன்னிரண்டு வருஷத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்று கத்துகிறார். கெஞ்சல் இல்லை, அழுகையும் இல்லை. கொடுத்த கடனைக் கேட்கிற அதட்டல். ஜெயிலுக்குப் போன மனிதர் ஒருவர், திரும்பி வந்தவர் இன்னொருவர் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்துவிடும். முரட்டுத்தனமும் வெறுப்பும் ஏறிப்போன இந்த ஆளைக் காப்பாற்றத்தானா பிள்ளை இத்தனை பாடுபட்டான் என்று ஒரு நொடி நமக்கே தோன்றும். மூன்று வருஷம் கழித்து சத்யஜித் ராயின் ‘ஜல்சாகர்’ படத்தில் நொடித்துப்போன ஜமீன்தாராக, ஒரு விரலைக்கூட வீணாக அசைக்காமல் உட்கார்ந்திருந்தாரே, அதே சபி பிஸ்வாஸ்தான் இவர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள் என்று நம்புவது கஷ்டம்.

மகனாக நடித்த உத்தம் குமார் இந்தக் காட்சியில் ஒதுங்கி நிற்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். 29 வயது, வங்காளத்தின் பெரிய நட்சத்திரமாக எழுந்துகொண்டிருந்த நேரம். அப்படியும் உச்சக்கட்டத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

குறை இல்லாத படம் என்று சொல்ல வரவில்லை. நடுவில் கொஞ்சம் இழுவை. மகன் வந்து கேட்டதும் முடிந்த கொலை வழக்கு திரும்பவும் திறந்துகொள்வதெல்லாம் சினிமாச் சட்டம். நிஜத்தில் ஏறி இறங்க வேண்டிய படிகளை நினைத்தால் சிரிப்பு வரும். அப்புறம், ரசிகர்கள் கொண்டாடும் ‘கும் கும் சாந்த்’ பாட்டு. சந்தியா முகர்ஜி அருமையாகத்தான் பாடியிருக்கிறார். ஆனால் எனக்கு அது கதையின் பதற்றத்தைத் தணித்துவிடுகிற பாட்டு. இதைச் சொன்னால் இங்கே என் வீட்டுப் படியேற ஆள் இருக்காது.

கட்டுரையின் கடைசியில், இந்த மாதிரிப் படங்களுக்கு இன்று பொருத்தம் குறைந்துவிட்டது என்று வருகிறது. அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பீகாரின் ருதுல் சா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் முசாஃபர்பூர் செஷன்ஸ் கோர்ட் அவரை விடுவித்தது. சிறையை விட்டு வெளியே வந்தது 1982-இல்! விடுதலையான பிறகு 14 வருஷம் உள்ளே. 1983-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு இடைக்கால நஷ்ட ஈடாக 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஏற்கெனவே கொடுத்திருந்த 5,000 தனி. அடிப்படை உரிமை பறிபோனதற்குப் பணமாக ஈடு கொடுக்க வைக்கலாம் என்று வழிகாட்டிய தீர்ப்பு என்று சட்டக்காரர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். சரிதான். ஆனால் 14 வருஷத்தால் வகுத்துப் பாருங்கள்.

அது நடந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தவறாக வழக்குப் போட்டு உள்ளே வைக்கப்பட்டவர்களுக்கு அரசு ஈடு கொடுக்கத் தனிச்சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-இல் தன் 277-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் குற்றவியல் நடைமுறைச் சட்டமே புதிதாக வந்தது. அதிலும் அந்தப் பரிந்துரை ஏறவில்லை. காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தால் அதற்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் என்ற பழைய ஏற்பாடு மட்டும் பத்திரமாகத் தொடர்கிறது. இன்றைக்கும் பல வருஷம் கழித்து நிரபராதி என்று வெளியே வருபவர், தனியாக இன்னொரு வழக்குப் போட்டு இன்னொரு நீதிமன்றத்தில் காத்திருக்க வேண்டியதுதான். சபி பிஸ்வாஸ் 1955-இல் கேட்ட கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் இன்னும் பதில் எழுதப்படவில்லை. இதில் பொருத்தம் எங்கே குறைந்தது?

தொடரின் அடுத்த பகுதியில் முடிந்தால் இந்தக் காட்சியைப் பற்றி ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள். கூடவே சபி பிஸ்வாஸ் படம் ஒன்றும் போடுங்கள். ஜோடியின் படம்தான் ஏற்கெனவே போட்டாயிற்றே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொல்கத்தா