கம்பி மறைவதற்கு முன்னால் வந்து பாருங்கள்

ராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இறங்குதளம், ஏலக்கூடம், பள்ளிக்கட்டிடம் என்று டெண்டர் விட்டு வேலை வாங்கும் பொறியாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் கரையில் ஓர் ஏலக்கூடம் இருக்கிறது. கட்டிச் சில வருஷம்தான் ஆகிறது. தூணில் முதலில் பழுப்புக் கோடு இறங்கியது, அப்புறம் மூலை வெடித்தது, இப்போது கம்பி வெளியே தெரிகிறது, தொட்டால் செதில் செதிலாகக் கையோடு வருகிறது. அதற்குக் கீழேதான் பெண்கள் மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை எடுத்தவர் பெயரைச் சொல்ல இதை எழுதவில்லை. உப்புக்காத்து ஊர், அப்படித்தான் இருக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. உப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறிமுறை ஐ.எஸ். 456-இல் 2000-லேயே தெளிவாக இருக்கிறது: கடலோரக் கட்டிடத்துக்கு எம்30 கான்கிரீட் (எண் கூடினால் வலு கூடும்), கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம்), கடல் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் எம்35, 50 மில்லிமீட்டர், அலை ஏறி இறங்கும் இடத்தில் எம்40, 75 மில்லிமீட்டர். அந்தத் தூணில் வெடித்த இடத்தில் டேப் வைத்துப் பார்த்தோம், இரண்டு விரல் கனம்கூட இல்லை. கம்பியை அந்த இடைவெளியில் நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லிச் சில்லை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கான்கிரீட் போட்ட பிறகு வந்து நீளம் அகலம் அளந்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏற்றினால் இது எப்படித் தெரியும்? கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் போடுவதற்கு முன்னால் வாருங்கள். கவரை அளந்து, போட்டோ எடுத்து, அதையும் எழுதுங்கள். அது இல்லாமல், 28 நாள் கழித்துக் கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் கியூப் ரிசல்ட்டும் இல்லாமல் அந்தப் பகுதிக்கு முழு பில் போடாதீர்கள்.

ஒப்பந்தக்காரர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பல ஊர்களில் நிலத்தடித் தண்ணீர் உவர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று அதே நெறிமுறை சொல்கிறது, அப்படியானால் நல்ல தண்ணீர் லாரியில்தான் வர வேண்டும், அந்த லாரிக் காசு எஸ்டிமேட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் அடிமாட்டு விலைக்கு வேலை எடுத்தவர் பக்கத்துப் போர்த் தண்ணீரில்தான் கலவையும் போடுவார், க்யூரிங்கும் செய்வார். சரியாகச் செய்தவருக்கு பில்லை இழுத்தடித்தாலும் இதே கதைதான். அவர் சப்-கான்ட்ராக்ட் விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார், பிறகு கேட்க ஆள் இருக்காது.

காலக்கெடு வைக்கும்போது கடலையும் பாருங்கள். பாக் நீரிணைப் பக்கம் வாடைக்காலத்தில் கடலோரம் வேலை ஓடாது, மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது ஓடாது. இரண்டுக்கும் ஒரே அட்டவணை போட்டுவிட்டு அப்புறம் தாமதத்துக்கு அபராதம் என்றால், கெடுவுக்குள் முடிக்க அவர் அவசர அவசரமாகத்தான் ஊற்றுவார். விசைப்படகு வந்து நிற்கும் தளத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அந்த நாட்களில் வேலை நடக்கும்படி உத்தரவை அதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வேலைக்குப் பலகை வைக்கும்போது தொகையோடு கான்கிரீட் தரம், கவர் அளவு, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (குறை வந்தால் ஒப்பந்தக்காரரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடியும் தேதி மூன்றையும் தமிழில் எழுதிவிடுங்கள். கம்பி கட்டிய அன்று ஊருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், டேப்போடு நாங்களும் வருகிறோம்.