நோத்தோவுக்குப் போகலாம்: ஜப்பான் வாழ் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

விடுமுறை கிடைத்தால் நம்மில் பலர் இஷிகாவா மாநிலத் தலைநகரான கனாசாவா வரை போகிறோம். கென்ரோகுஎன் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே ஷிரகாவாகோ போய்த் திரும்பிவிடுகிறோம். கனாசாவாவுக்கு வடக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் நோத்தோ தீபகற்பத்தின் பக்கம் போகலாம் என்ற பேச்சே 2024-இல் எழவில்லை. ஜூன் மாதம் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

2024 ஜனவரி 1, மாலை 4.10. புத்தாண்டுக்காகக் குடும்பங்கள் ஒன்றுகூடியிருந்த நேரத்தில் நோத்தோவில் 7.6 அளவு நிலநடுக்கம் வந்தது. சாலைகள் பிளந்து, மீட்பு வண்டிகள் போவதற்கே வழியில்லை. அதனால்தான் தனிப்பட்ட முறையில் யாரும் வர வேண்டாம் என்று இஷிகாவா நிர்வாகம் கேட்டுக்கொண்டது. அன்றைக்கு அது சரியான வேண்டுகோள். ஆனால் மாதங்கள் போன பிறகும் அந்த ‘வர வேண்டாம்’ நம் மனத்தைவிட்டுப் போகவில்லை. போகாமல் இருப்பதுதான் மரியாதை என்று நாமே முடிவு செய்துகொண்டோம்.

ஒட்டுப்போட்ட சாலையில் மெல்ல ஓட்டிக்கொண்டு நான் முதலில் போனது குரோஷிமா. ஒரு காலத்தில் சரக்குக் கப்பல்காரர்கள் வாழ்ந்த ஊர். அதன் மீன்பிடித் துறைமுகத்தில் தண்ணீர் இல்லை. அலைதடுப்புச் சுவர் இருக்கிறது, படகு கட்டும் இடம் இருக்கிறது, கடல் மட்டும் தள்ளிப் போய்விட்டது. உண்மையில் கடல் நகரவில்லை, நிலம்தான் எழுந்துவிட்டது. அந்தக் கரையில் சில இடங்களில் ஏறக்குறைய 4 மீட்டர் உயர்ந்திருக்கிறது. நேற்றுவரை கடலடியில் இருந்த பாறைகள், மேலே ஒட்டியிருந்த பாசியெல்லாம் செத்து வெளுத்துக் கிடந்தன. அவற்றின் மேல் கொஞ்ச தூரம் நடந்தேன். அதற்குமேல் கால் வரவில்லை.

நோத்தோவின் வாஜிமா நகரில் காலைச் சந்தை நடந்த தெருவும் அதைச் சுற்றியிருந்த 200-க்கும் மேற்பட்ட கட்டடங்களும் நிலநடுக்கத்தையடுத்து மூண்ட தீயில் போயின. ஏழு மாடிக் கட்டடம் ஒன்று வேரோடு சாய்ந்த மரம்போலப் படுத்துக் கிடந்தது. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தவர்களையும் பார்த்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

அந்த ஊரில் ஒரு பெரியவர் சின்னக் கொட்டகையில் அரக்கு (lacquer) பூசிய மரப் பாத்திரங்கள் விற்றுக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்கிறேனோ என்று தயங்கிக் கேட்டேன். யாரும் வராததுதான் கஷ்டம் என்றார். வாஜிமா அரக்கின் அடிப்பூச்சில் அந்த ஊர் மண்ணைச் சுட்டுப் பொடித்துக் கலப்பார்கள், பாத்திரத்துக்கு உறுதி தருவதே அதுதான். ‘நோத்தோ கனிவானது, அதன் மண்ணும்கூட’ என்று அங்கே ஒரு பழைய சொல் உண்டு. அவ்வளவு ஆட்டிய மண்ணைப் பற்றி அவரே அதைச் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு ஜோடி சாப்ஸ்டிக் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வாஜிமாவின் ஷிரோயோனேயில் கடலைப் பார்த்துப் படிப்படியாக இறங்கும் 1,004 நெல்வயல்களில் 2024-இல் 120 வயல்களில்தான் நடவு செய்ய முடிந்தது. அப்புறம் செப்டம்பர் 21 அன்று பெருமழை. வீடிழந்தவர்கள் குடியேறிய தற்காலிக வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. அந்தச் செய்தியைப் பார்த்த இரவுதான் இந்த மடலை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

தங்கும் இடம் அங்கே குறைவு, இருப்பதும் சீரமைப்பு வேலைக்கு வந்தவர்களுக்கே போதாது. அதனால் கனாசாவாவில் தங்கிக்கொண்டு பகலில் போய் வாருங்கள். கிளம்புமுன் சாலை நிலவரம் பாருங்கள், கடைகளுக்கு ஃபோன் செய்து கேளுங்கள். சாப்பாட்டையும் வாங்க வேண்டியதையும் நோத்தோவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சேறு அள்ளக் கைகொடுக்க நினைப்பவர்கள் முறையாகப் பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

பனி விழுவதற்கு முன், நவம்பர் முதல் வாரத்தில் நான் மறுபடியும் போகிறேன். வண்டியில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.