அயனாவரம் வீடும் அத்தை கையெழுத்தும்

ஸ்கார்பரோ,
23 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் போன புதன்கிழமைதான் கைக்கு வந்தது. செப்டம்பரில் போட்டிருக்கிறீர்கள். இங்கே தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம். முதலில் நாடு முழுக்க நிறுத்தினார்கள், அப்புறம் ஊர் ஊராக மாற்றி மாற்றி. ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை வாசலில் சிவப்புத் துண்டோடு நின்றவர் நீங்கள், தபால்காரரைத் திட்ட மாட்டீர்கள். என்னைத் திட்டலாம். ஆடியில் எழுதுகிறேன் என்றவள் கார்த்திகையில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நீங்கள் "சாப்பிட்டியா?" என்று கேட்டதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். காதில் அந்த மெஷினை மாட்டினால்தான் என்னவாம்?

நாங்கள் நன்றாக இருக்கிறோம். குளிர் ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கும்மிருட்டு. கோடையிலிருந்து வீட்டின் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டோம், மேல்தளத்தில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. எங்கள் மூன்று பேருக்கு அவ்வளவு பெரிய இடம் எதற்கு? கீழே கதகதப்பாகவும் இருக்கிறது. ஜன்னல்தான் கொஞ்சம் உயரத்தில், அதில் தெருவில் போகிறவர்களின் பூட்ஸ் மட்டும் தெரியும். மாப்பிள்ளைக்கு ஆபீஸில் ஆகஸ்டிலிருந்து வேலை குறைவு. பையனுடன் இருக்க நேரம் கிடைத்திருக்கிறது. இப்போது அவர் வைக்கிற ரசம் என் ரசத்தைவிட நன்றாக இருக்கிறது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. முருங்கைக்காய் கிடைக்கிறது, விரல் நீளத்துக்கு நறுக்கிக் கல் மாதிரி உறைய வைத்த பையில். சாம்பாரில் போட்டால் காய் தெரியும், வாசனை தெரியாது.

வீடு விற்றுத் தருகிற என் ஏஜெண்ட் வியாபாரம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மந்தம்தான். எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும். 2022 தொடக்கத்தில் இங்கே ரிசர்வ் வங்கி மாதிரி இருக்கிற பேங்க் ஆஃப் கனடாவின் வட்டி கால் சதவீதம். ஜனங்கள் கீரைக்கட்டு வாங்குவதைப் போல வீடு வாங்கினார்கள். அந்த பிப்ரவரியில் டொராண்டோ வட்டாரத்தில் சராசரி வீட்டு விலை 13 லட்சம் டாலரைத் தாண்டியது. 2023 ஜூலைக்குள் வட்டி 5 சதவீதம் ஆனதும் எல்லாம் நின்றுபோயிற்று. இப்போது வட்டி 2.25க்கு இறங்கிவிட்டது, விலையும் பத்தரை லட்சத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஆள் வரவில்லை. வாங்குகிறவர் இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்கிறார். விற்கிறவர் 2022 விலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நடுவில் நாங்கள். இந்த வட்டார ஏஜெண்டுகள் சங்கத்தில் மட்டும் 70,000 பேருக்கு மேல்!

கமிஷன் வீட்டு விலையில் 5 சதவீதம் என்பது வழக்கம். அதில் பாதி வாங்குகிறவர் தரப்பு ஏஜெண்டுக்கு. மீதிப் பாதியில் கம்பெனி ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதுவும் சாவி கைமாறின பிறகுதான், கையெழுத்தாகி இரண்டு மூன்று மாதம் கழித்து. வீடு விற்கவில்லை என்றால் படம் எடுத்த செலவு, போர்டு, பெட்ரோல் எல்லாம் நம் தலையில். நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. சனிக்கிழமைகளில் ஒரு தமிழ் மளிகைக்கடையில் கணக்கு பார்க்கப் போகிறேன், பொழுது போகிறது. எங்கள் வீட்டுக் கடனை வருகிற மார்ச்சில் புது வட்டியில் புதுப்பிக்க வேண்டும், அதுவும் நடக்கும்.

பக்கத்து வீட்டு ஐயாவைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேனே, சாவகச்சேரிக்காரர், எழுபத்தைந்து வயசு. இந்தத் தெருவில் எந்த வீடு எவ்வளவுக்குப் போனது என்று என்னைவிட அவருக்குத் தெரியும். நான் 'ஓப்பன் ஹவுஸ்' வைக்கிற இடத்துக்கெல்லாம் கோட் சூட் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அதாவது, ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி நேரம் வீட்டைத் திறந்து வைப்போம், யாரும் வந்து பார்க்கலாம். தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு வீட்டில் அப்படி உட்கார்ந்திருந்தேன். ஒரு ஈ காக்கை இல்லை. வைத்திருந்த பிஸ்கட்டை ஐயா ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டு, "முறுக்கு வைச்சிருந்தா நாலு சனம் வந்திருக்கும் பிள்ளை" என்றார். போகும்போது வருகைப் புத்தகத்தைப் பார்த்தால் நான்கு பெயர்கள், நான்கும் வேறு வேறு மையில், ஒரே கையெழுத்து. "வெறும் புத்தகத்தைப் பார்த்தா வீட்டுக்காரன் உம்மை என்ன நினைப்பான்?" என்கிறார். பேனா நான்கையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்! அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். கிழித்த பக்கம் என் கைப்பையில்தான் இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை.

விற்கப்போகிற வீட்டில் குடும்பப் படம், சாமி படம் எதுவும் இருக்கக்கூடாது என்பது இங்கே தொழில் பாடம். வந்து பார்க்கிறவர்கள் தங்கள் வீடாக நினைத்துப் பார்க்க வேண்டுமாம். மீன் குழம்பு வைக்காதீர்கள், தாளிக்காதீர்கள் என்று தமிழ் வீடுகளில் நானே போய்ச் சொல்கிறேன். போன வாரம் ஒரு அம்மா வீட்டில் படங்களை இறக்கி அட்டைப் பெட்டியில் வைத்தோம். நிலைப்படியில் வெள்ளிக்கிழமை பூசின மஞ்சள் காய்ந்திருந்தது. ஸ்பாஞ்சால் துடைத்தேன். நகக்கண்ணில் ஏறிக்கொண்டது, சோப்புக்குப் போகவில்லை. காரில் வந்து உட்கார்ந்தவள் இன்ஜினைப் போடவே இல்லை. நம் வீட்டு நிலைப்படி, அம்மாவின் ஈரப் பாதம், எட்டு மணிச் சங்கு கேட்டதும் நீங்கள் சைக்கிளைத் திண்ணையிலிருந்து இறக்குகிற சத்தம். ஒரு மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறேன். கண்ணாடி உள்பக்கம் பனி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. சரி, அதை விடுங்கள்.

இப்போது நம் வீட்டு விஷயம். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டித் தருகிறேன் என்று பில்டர் ஏன் இப்போது வந்து கதவைத் தட்டுகிறான் என்று உங்களுக்கே தெரியும். மாதவரத்திலிருந்து சிப்காட் போகிற மெட்ரோவுக்கு அயனாவரத்தில் நிலையம் வருகிறது. அவசரம் அவனுக்குத்தான், நமக்கில்லை. அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டான் போலிருக்கிறது. அத்தையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

அப்பா, அந்த மனை தாத்தா சுயமாக வாங்கியது, அவர் உயில் எழுதவில்லை. ஆயாவும் போய்விட்ட பிறகு அது உங்களுக்கும் அத்தைக்கும் சரிபாதி. கல்யாணத்தில் இருபது சவரன் போட்டோம் என்று அண்ணன் சொல்வது சட்டத்தில் நிற்காது. நியாயத்திலும் நிற்காது. அத்தையிடம் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடலாம் என்று அவன் நினைத்தால், முதலில் அவர் பங்கு இன்றைக்கு எவ்வளவு பெறும் என்று அவரிடம் சொல்லட்டும்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில்தானே இருக்கிறது? தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவில் இரண்டு பேர் பெயரும் ஏற வேண்டும். மனை மேல் கடன், விற்பனை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று 1975லிருந்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள். உங்கள் சார்பில் எல்லாவற்றுக்கும் தானே கையெழுத்துப் போட பில்டர் பொது பவர் கேட்பான், கொடுக்காதீர்கள். ஒரு கிரவுண்ட்தான், எட்டு வீட்டுக்கு மேல் கட்ட மாட்டான், அதனால் கட்டுமானத் திட்டங்களைக் கண்காணிக்கிற ரெரா ஆணையத்தில் பதிவும் கட்டாயமில்லை. தாமதமானால் ரெராவில் போய்க் கேட்பது கஷ்டம் என்று அர்த்தம். அதனால் கட்டி முடிக்கிற தேதி, அதுவரை உங்களுக்கு வீட்டு வாடகை, தாமதமானால் மாதம் எவ்வளவு, யாருக்கு எந்தத் தளம், மனையில் ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய பிரிபடாத பாகம் எவ்வளவு, எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொல்கிற பில்டருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எனக்கு எதுவும் வேண்டாம். வீட்டை இடிக்கத்தான் வேண்டும் என்றாலும் நான் தடுக்கப்போவதில்லை. கூரை ஒழுகுகிறது, உங்களால் மாடிப்படி ஏற முடியவில்லை, தெரியும். ஒப்பந்த நகலை மட்டும் கையெழுத்துக்கு முன்னால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அத்தையை நீங்களே போய்ப் பாருங்கள், போன் வேண்டாம். வில்லிவாக்கத்துக்கு ஆட்டோவில் போங்கள், மழைத் தண்ணீரில் பள்ளம் தெரியாது. அம்மாவின் சர்க்கரை அளவை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு
உங்கள் சின்னவள்

பி.கு.: அண்ணனிடம் கடைசித் தாளை மட்டும் காட்டினால் போதும். மற்றவற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.