முல்லார்டு வாங்குமுன் மீட்டரை எடு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. நியூ ஜெர்சியில் உனக்கு டைனகோ எஸ்டி-70 வால்வு ஆம்ப் (ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி) அகப்பட்டதில் எனக்கும் சந்தோஷம். முல்லார்டு கம்பெனியின் நான்கு பழைய இஎல்34 (ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு) போட்டால் பாட்டு தெளியுமா என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

1959-ல் வந்த அந்த ஆம்ப்பில் ஏறத்தாழ 20 டெசிபல் ஃபீட்பேக் இருக்கிறது, அதாவது வெளிவருவதில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டுப் பிழையைத் திருத்தும் ஏற்பாடு. கம்பெனிக்குக் கம்பெனி வால்வில் உள்ள சின்ன வித்தியாசங்களை அது அமுக்கிவிடும். காதில் உறுத்துவது பெரும்பாலும் தேய்ந்த வால்வு, தப்பான பயஸ் (பாட்டு இல்லாதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை வைப்பது), கசியும் கண்டன்சர் இவற்றில் ஒன்றுதான்.

கண்டன்சரில் தொடங்கு. முன்னால் உள்ள சின்ன வால்வான 7199-லிருந்து இஎல்34-க்குப் போகும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் கசிந்தால் இஎல்34-இன் கிரிட்டில் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) மைனஸ் வோல்ட்டேஜ் குறையும், பிளேட் (வால்வுக்குள் உள்ள தகடு) சிவக்கும், புது வால்வும் வீணாகும். ஒரு சேனலின் இரண்டு இஎல்34 சாக்கெட்டிலும் கிரிட்டுக்கான 5-ஆம் பின்னில் அளந்து பார். இரண்டும் மைனஸ் 30-களில், கிட்டத்தட்ட ஒன்றாக நிற்க வேண்டும். ஒன்று மட்டும் நாலைந்து வோல்ட் குறைந்தால் அந்த இரண்டு வால்வையும் இடம் மாற்று. கோளாறு சாக்கெட்டோடு நின்றால் கண்டன்சர், வால்வோடு நகர்ந்தால் உள்ளே வாயு சேர்ந்த வால்வு. மீட்டரின் ப்ரோபைக் கையில் பிடித்துக்கொண்டு அளக்காதே. பக்கத்து 4-ஆம் பின்னில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கி, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஃபில்டர் கண்டன்சர் வடிந்துவிட்டதை மீட்டரில் பார்த்துவிட்டு, கிளிப்பை மாட்டி, அதன்பிறகு ஸ்விட்சைப் போடு. ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் ஓட்டாதே. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கே ஆபத்து.

அடுத்து பயஸ். டைனகோ சொன்ன அளவு 15.6 ஓம் ரெசிஸ்டரில் 1.56 வோல்ட், அதாவது ஒரு சேனலின் இரண்டு வால்வுக்கும் சேர்த்து 100 மில்லியாம்பியர். இங்கேதான் கண்ணி. ஒன்று 60, மற்றது 40 இழுத்தாலும் மீட்டர் 1.56 என்றே காட்டும். அப்படி ஏறுமாறாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் கோரில் டிசி மிச்சப்பட்டு பேஸ் தளரும், ஹம்மும் கேட்கும். அந்த ஒரே ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஒவ்வொரு இஎல்34-இன் 8-ஆம் பின்னுக்கும் தனித்தனியாக 10 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர் வை. 0.4 வோல்ட் என்றால் 40 மில்லியாம்பியர். நான் 50 வரை போகமாட்டேன். உன் வீட்டு பிளக்கில் இப்போது 120-க்கு மேல் வரும், ஆம்ப்போ 117 வோல்ட்டுக்குக் கட்டியது. 40-ல் ஒலி கெடாது, வால்வு நெடுநாள் உழைக்கும்.

புது வால்வு எதுவானாலும் ஜோடி பார்த்து வாங்கு. அடிக்கட்டையின் நடுத்தண்டு உடைந்ததைத் தொடாதே. எந்தப் பக்கமும் திரும்பி உட்காரும், உயர் வோல்ட்டேஜ் தப்பான பின்னுக்குப் போகும். சொருகுமுன் பயஸ் குமிழை மின்னோட்டம் மிகக் குறைவாக ஓடும் பக்கம் திருப்பிவை. ஸ்விட்ச் போட்டதும் விளக்கணைத்துப் பிளேட்டையே பார். சிவப்பு தெரிந்தால் உடனே அணை. பத்து நிமிடத்தில் ஒருமுறை, அரை மணியில் ஒருமுறை, இரண்டு நாள் ஓடியபின் இன்னொருமுறை பயஸை வை. அளவு தானாக ஏறிக்கொண்டே போனால் வால்வைத் திருப்பிக் கொடு.

ஏசியை டிசியாக்கும் வால்வான ஜிஇசட்34-க்குப் பதில் 5யூ4 போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஜிஇசட்34 ஹீட்டருக்கு 1.9 ஆம்பியர் போதும், 5யூ4 கேட்பது 3. ஏற்கனவே கொதிக்கும் மெயின் டிரான்ஸ்ஃபார்மருக்கு அது தாங்காது. முந்தைய சொந்தக்காரர் முதல் ஃபில்டர் கண்டன்சரைப் பெரிதாக்கியிருக்கிறாரா பார். ஜிஇசட்34-க்கு 60 மைக்ரோஃபாரட்தான் உச்சம், டைனகோ வைத்தது 30. இக்காலத்து ஜிஇசட்34 சிலது ஸ்விட்ச் போட்டதும் உள்ளே பொறி விடும். அதன் இரு பிளேட்டுக்கும் இரண்டிரண்டு 1என்4007 டையோடைத் தொடராக வைத்தால் பயமில்லை.

7199 நல்ல நிலையில் கிடைப்பது அரிது. அதற்குப் பதில் 6ஜிஎச்8ஏ வால்வு போடலாம், ஆனால் பின் வரிசை வேறு. அடாப்டர் இல்லாமல் சொருகாதே. பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் மணியோசை வரும் வால்வை ஒதுக்கு. இரைச்சல் ஒரே பக்கம் கேட்டால் இரண்டு 7199-ஐயும் மாற்றிப் போடு, இரைச்சலும் கூடவே நகர்ந்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் முல்லார்டு ஆசை போகவில்லை என்றால் வாங்கு, தடுக்கமாட்டேன். ஒப்பிடும்போது மட்டும் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் விட்டு, ஸ்பீக்கர் முனையில் வோல்ட்டேஜைச் சமமாக்கிக்கொள். அரை டெசிபல் கூடினாலும் காது அதைத்தான் ‘தெளிவு’ என்று சொல்லும்.

நான்கு 5-ஆம் பின்னிலும் வந்த அளவை அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ராகவன்