'இலவசம்தானே' என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் செல்பேசி விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில், "இலவசமாகக் கிடைப்பதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? பிடிக்காவிட்டால் நீக்கிவிட்டுப் போகலாமே" என்று ஒரு வரி. இரண்டு நாளாக அந்த வரி என்னை விடவில்லை.

நான் இந்த விளையாட்டுகளுக்கு எதிரி இல்லை. அம்மா படுக்கையில் இருந்த 11 மாதமும் இரவில் கண்விழித்தவள் நான்தான். புத்தகத்தில் மனம் நிற்காது. டி.வி. போட்டால் அம்மாவின் தூக்கம் கெடும். ஒரே நிறக் கட்டங்களை மூன்று மூன்றாகச் சேர்க்கும் ஒரு கேம்தான் அப்போது எனக்குத் துணை. சத்தத்தை நிறுத்திவிட்டு ஒற்றைக் கையால் ஆடலாம். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வந்தால் விட்ட இடத்திலேயே காத்திருக்கும். அதை உருவாக்கியவர்களுக்கு மனதார நன்றி சொன்ன இரவுகள் உண்டு. அப்படிப்பட்ட ஒன்று பிறகு நடந்துகொண்ட விதம்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஆரம்பத்தில் எல்லா லெவலும் சுலபமாக முடியும். பழகி, மனம் ஒட்டிய பிறகு இறுக்கம் தொடங்கும். ஐந்து லைஃப், அதாவது ஆடக் கொடுத்த வாய்ப்புகள், தீர்ந்தால் அரை மணி நேரத்துக்கு ஒன்றுதான் திரும்பக் கிடைக்கும். இன்னும் ஒரே ஒரு கட்டம் பாக்கி இருக்கும்போது, "மேலும் 5 நகர்த்தல் வேண்டுமா?" என்று கேட்கும். நேராகப் பணம் கேட்டால்கூட யோசிப்போம். கேட்பது வைரக்கல், அந்த விளையாட்டுக்குள் மட்டும் செல்லும், நாம் பணம் கொடுத்து வாங்க வேண்டிய கல். தேவை 90 கல் என்றால் விற்பது 50 அல்லது 120. மிச்சக் கல் கையில் நிற்கும், அதை வீணாக்க மனம் வராமல் மறுபடி வாங்குவோம். எவ்வளவு செலவானது என்ற கணக்கே பிடிபடாது. நானும் கொடுத்திருக்கிறேன். மருந்துச் செலவுக்கு நடுவில் அப்படிக் கொடுத்தது இன்றும் உறுத்துகிறது.

விளம்பரங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூடும் குறி கடுகளவு இருக்கும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மூலையில். கொஞ்சம் விலகித் தொட்டால் ஆப் கடைக்குக் கொண்டுபோய் விடும். விளம்பரத்தில் ஊசியை இழுத்து ஆளைக் காப்பாற்றும் புதிரைக் காட்டுவார்கள். இறக்கிப் பார்த்தால் உள்ளே வேறு விளையாட்டு. 2020-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் இந்த மாதிரி இரண்டு விளம்பரங்களைத் தடை செய்தது. அதையெல்லாம் கட்டுரையாளர் ஏன் தொடவில்லை?

"பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே" என்றும் எழுதியிருக்கிறார். என் அக்காவின் பேரனுக்கு 8 வயது. அக்காவின் போனில் புதையல் பெட்டிகளைத் திறந்துகொண்டே போயிருக்கிறான். உள்ளே என்ன வரும் என்று திறக்கும்வரை தெரியாது, அதுதான் அவனை இழுத்தது. அது பணம் என்றே அவனுக்குப் புரியவில்லை. நிறுவனத்துக்கு நான்கு முறை எழுதினோம். நான்கு முறையும் ஒரே தானியங்கிப் பதில். அக்கா அந்தக் குழந்தையின் முன்னால் அழுதுவிட்டாள். இதைக் கவனக்குறைவு என்று ஒரு வரியில் முடித்துவிடலாமா? பெற்றோர் சம்மதமில்லாமல் குழந்தைகள் வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஆப்பிள் நிறுவனம் 2014-இல் அமெரிக்க அரசிடம் ஒப்புக்கொண்டது. 2018-இல் பெல்ஜியம், பணம் கொடுத்துத் திறக்கும் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொன்னது. தப்பு முழுக்கப் பெற்றோருடையது என்றால் இதெல்லாம் எதற்காக நடந்தது?

அதே 2014-இல்தான் ஆப்பிள் தன் ஆப் கடையில் 'இலவசம்' என்ற பொத்தானை 'பெறுக' என்று மாற்றியது. கடைக்காரரே கைவிட்ட சொல்லை உங்கள் இதழ் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் இதே விஷயமாக நான் எழுதிய கடிதத்தை இரண்டு வரியாகச் சுருக்கினீர்கள். காரணங்களெல்லாம் போய், வெறும் புலம்பலாக அச்சானது. இந்த விளையாட்டுகளை ஆடுகிறவர்கள் எல்லாரும் வேலையற்றவர்கள் என்ற தொனியும் உங்கள் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. நோயாளி பக்கத்தில் விடியும்வரை உட்கார்ந்திருப்பவர்களும் ஆடுகிறார்கள், ஐயா.

நான் கேட்பது இவ்வளவுதான். வாராவாரம் புதிய ஆப்களைச் சொல்லும் பகுதியில் 'இலவசம்' என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அதன் பக்கத்தில் 'உள்ளே பணம் கேட்கும்', 'விளம்பரம் வரும்' என்று சேர்த்துப் போடுங்கள். ஆப் கடையின் பக்கத்திலேயே அந்த விவரம் இருக்கிறது, பார்த்து எழுதினால் போதும். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றால் பரவாயில்லை, அந்தக் குறிப்பை அடுத்த இதழிலேயே தொடங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி