புதுக் குழாயை ஏன் கழுவுகிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"குழாய் புதுசுதானே, குளோரின் ஊற்றி ஒரு நாள் வைத்துத் திறந்துவிட்டால் போதாதா?" என்று பலர் கேட்கிறீர்கள். வேலையை முடித்து ஒப்படைக்கும் அவசரம் எங்களுக்கும் புரிகிறது. ஆனாலும் உள்ளே கிடப்பதை வெளியே எடுக்காமல் எந்தக் குடிநீர் மெயின் குழாயிலும் நாங்கள் குளோரின் போடுவதில்லை.

அழுக்கு பெரும்பாலும் சேர்வது குழாய் பதிக்கும் பள்ளத்தில் வைத்துத்தான். மழையில் இறங்கிய சேறு, ஜல்லி, வெல்டிங் கசடு, ரப்பர் வளையத் துண்டு, முட்டுக்கொடுத்த மரக்கட்டை, கையுறை, சில சமயம் செத்த எலிகூட. மாலையில் வேலை நின்றதும் திறந்த முனையை மூடி போட்டு அடைத்தாலே இதில் பெரும்பகுதி உள்ளே போகாது. தயவுசெய்து அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மண்ணும் அழுகும் பொருளும் குளோரினைத் தின்று தீர்த்துவிடும். வண்டலுக்கு அடியில் இருக்கும் கிருமியை அது எட்டுவதே கடினம். பரவலாக உள்ள ஒரு முறையில், லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளோரின் கலந்த நீரை 24 மணி நேரம் நிறுத்துகிறார்கள். முடிவில் லிட்டருக்குக் குறைந்தது 10 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும். அழுக்குக் குழாயில் அந்த அளவு மிஞ்சுமென்று நம்ப முடியாது. ஜல்லியோ குளோரினுக்குக் கரையாது. வால்வின் அடியில் உட்கார்ந்து அதை முழுசாக மூடவிடாது. அப்புறம் மீட்டரையும் அடைக்கும்.

சரி, தண்ணீரை வேகமாக விட்டே கழுவிவிடலாமே? சின்னக் குழாய்க்குச் சரிவரும். நொடிக்கு 0.9 மீட்டர் வேகமாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 300 மி.மீ. குழாய்க்கு நொடிக்குச் சுமார் 64 லிட்டர் தேவை. 600 மி.மீ. என்றால் அதைப்போல நான்கு மடங்கு. அவ்வளவு நீர் கையில் இருந்தாலும், அதை எங்கே கொண்டுபோய் விடுவது? அந்த வேகத்திலும் கனமான கல் நகராமல் கிடக்கலாம்.

அதனால்தான் பெரிய குழாய்களில் பிக் அனுப்புகிறோம். குழாயின் உள்விட்டத்தைவிடக் கொஞ்சம் பருமனான நுரைப்பஞ்சு உருளை அது. பின்னாலிருந்து தண்ணீர் தள்ள, சுவரை ஒட்டித் தேய்த்தபடி, முன்னால் கிடப்பதை எல்லாம் ஒதுக்கிக்கொண்டு மறுமுனைக்கு வரும். மெதுவாகத்தான் விடுவோம். வெளியே வரும் நீர் தெளியும்வரை மறுபடி மறுபடி அனுப்புவோம். குழாய் திரும்பும் இடங்களில் வளைந்து போய்விடும். பட்டர்ஃபிளை வால்வில் மட்டும் போகாது, அதன் தட்டு திறந்திருந்தாலும் நடுவிலேயே நிற்கும். அந்த இடத்தில் குழாயைப் பிரித்து மாட்ட வேண்டியிருக்கும்.

குளோரின் போட்ட நீரை அப்படியே ஓடையில் விடவும் மாட்டோம், மீன் செத்துவிடும். குளோரினை முறித்த பிறகே வெளியேற்றுவோம். கடைசியில், நீரில் கிருமி கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கோலிஃபார்ம் பரிசோதனை தேறினால்தான் இணைப்பு.

ஒரு வேண்டுகோள். வரைபடம் போடும்போதே எங்களிடம் காட்டுங்கள். பிக்கை உள்ளே விடவும் வெளியே எடுக்கவும் இடம் ஒதுக்குவது அப்போது சுலபம். பள்ளத்தை மூடிய பிறகு என்றால் மறுபடி தோண்டத்தான் வேண்டும்.

அன்புடன்,
குழாய்ச் சுத்திகரிப்புக் குழுவினர்