தேன் பாட்டில் லேபிளுக்கு மாணிக்க மாலை சொல்லும் பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-லும், மட்டி வாழைக்கு 2023-லும், தோவாளையில் பூவால் கட்டும் மாணிக்க மாலைக்கு 2025-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நம் மாவட்டச் சரக்கின் லேபிள்கள் பழைய நிலையிலேயே நிற்கின்றன. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கடையில் ஐந்தாறு தேன் பாட்டில்களை வரிசையாக வைத்துப் பெயரை மட்டும் கையால் மறைத்துப் பாருங்கள். எது யாருடையது என்று சொல்வது கடினம். வள்ளுவர் சிலை, உதிக்கிற சூரியன், இரண்டு தென்னை. சிலையின் மேல் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் 133 அடிச் சிலையை 12 மில்லிமீட்டர் லோகோவுக்குள் அடைத்தால் மூன்று விரலும் ஒட்டிக்கொண்டு ஒரு கருப்புத் திட்டுதான் மிஞ்சுகிறது.

டிசைன் வேண்டும் என்றதும் போனை எடுத்து இணையத்தில் தேடுகிறோம். எல்லோரும் ஒரே இடத்தில் தேடினால் ஒரே படம்தான் வரும். அதற்கு முன் தோவாளைக்கு ஒருமுறை போய் மாணிக்க மாலையைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை: மூன்றே நிறம். பூவை மடித்து வரிசை வரிசையாக, பாய் பின்னுவது போலத் தட்டையாகக் கட்டுகிறார்கள். ஒரே சிறு கட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. பத்தடி தள்ளி நின்றாலும் அது மாணிக்க மாலை என்று தெரிகிறது. நல்ல லோகோவுக்கு வேண்டிய இலக்கணம் அதில் அப்படியே இருக்கிறது. மாலையைப் படம் எடுத்து லேபிளில் ஒட்டச் சொல்லவில்லை. அதைப் போனில் படம் எடுத்து, நிறத்தை நீக்கிக் கருப்பு வெள்ளையாக்கி, நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வருவதால்தான் கட்டம் கலையாமல் நிற்கிறது என்பது புரியும். உங்கள் லோகோவையும் அதே சோதனைக்கு உட்படுத்துங்கள். பாரத ஸ்டேட் வங்கியின் சின்னம் 1971-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வரைந்தது. ஒரு நீல வட்டம், நடுவில் சிறு வெள்ளை வட்டம், அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு. ரப்பர் ஸ்டாம்பில் கருப்பாகக் குத்தினாலும் அடையாளம் தெரிகிறது.

வடசேரியில் செய்யப்படும் கோயில் நகையிலும் அச்சுத் தொழிலுக்கு ஒரு பாடம் இருக்கிறது. சிவப்புக் கல்லும் பச்சைக் கல்லும் நேரடியாகத் தொடாமல் நடுவில் தங்க விளிம்பு ஓடும். ஆஃப்செட் அச்சில் நாலு நிறத்துக்கு நாலு பிளேட், அதாவது அச்சுத் தகடு. ஒரு பிளேட் இம்மியளவு நகர்ந்தாலும் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் வெள்ளைக் கீற்று எட்டிப் பார்க்கும். இரண்டு நிறமும் சேரும் இடத்தில் அடர்ந்த கோடு ஒன்று ஓடினால் அந்தக் கீற்று வெளியே தெரியாது. இல்லையென்றால் வெளிர் நிறத்தை அடர் நிறத்துக்கு அடியில் ஒரு மயிரிழை நீட்டிவிட வேண்டும்.

பெரும்பாலான லேபிள்கள் கெடுவது தமிழ் எழுத்தில்தான். முதலில் புள்ளி. மெல்லிய எழுத்துருவைச் சிறிதாக்கி, பச்சைப் பின்னணியில் வெள்ளையாக விட்டால், சுற்றியுள்ள மை பரவிப் புள்ளியை மூடிவிடும். 'கருப்பட்டி' என்பது 'கருபபடடி' ஆகிவிடும். வெள்ளை எழுத்து என்றால் தடித்த எழுத்துருவில் 9 பாயின்டுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. வெள்ளைத் தாளில் கருப்பு எழுத்து என்றால் 7 பாயின்ட் வரை போகலாம். அந்தக் கருப்பு நாலு நிறக் கலவையாக இல்லாமல் தனிக் கருப்பு 100 சதவீதமாக இருக்க வேண்டும். அடுத்தது கொம்பு. தெற்காசிய எழுத்து வசதியை இயக்காத ஃபோட்டோஷாப்பில் 'தேன்' என்று ஒட்டினால் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத பிரஸ்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். எழுத்தை வளைகோடாக, அதாவது எழுத்துரு இல்லாமலே திறக்கும் வரைபடமாக, மாற்றிய பிரதி ஒன்றை பிரஸ்ஸுக்குக் கொடுங்கள். மாற்றாத பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு விலை மாறினால் அதில்தான் திருத்த முடியும்.

பாட்டில் வளைந்தது என்பதும் மறந்துபோகிறது. 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாட்டிலின் சுற்றளவு ஏறக்குறைய 19 சென்டிமீட்டர். ஒரே பார்வையில் படிக்க முடிவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். பெயர் 6 சென்டிமீட்டருக்குள் முடியாவிட்டால் வாங்குபவர் பாட்டிலைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். தேன் வழியும் பாட்டிலுக்கு லேமினேஷன் இல்லாத காகித லேபிள் ஒரு வாரம்கூட அழகாக இருக்காது. நேந்திரம் சிப்ஸுக்கான, உள்ளே இருப்பது தெரியும் பவுச்சில் நிறத்துக்கு அடியில் வெள்ளை மை போடாவிட்டால், திரையில் பளிச்சென்று இருந்த சிவப்பு சிப்ஸின் மஞ்சளோடு கலந்து அழுக்காகத் தெரியும். திரையின் நிறம் வேறு, அச்சின் நிறம் வேறு. வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமல் இருக்க, நாலு பக்கமும் பின்னணி நிறத்தை 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். பார்கோடைச் சிவப்பில் அச்சிட வேண்டாம். ஸ்கேனரின் ஒளியே சிவப்பு, அதனால் சிவப்புக் கோடு அதற்கு வெள்ளையாகத்தான் தெரியும். பார்கோடின் இரு ஓரத்திலும் வெற்றிடம் வேண்டும். அளவு 37 மில்லிமீட்டர் அகலம். இடமில்லை என்றால் 80 சதவீதம் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

'குமரி' என்று தொடங்கும் பெயர்களால் இன்னொரு சிக்கல். ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் மட்டும் சேர்த்து வைத்தால் வணிகச் சின்னமாகப் பதிவது கடினம். தனித்த ஒரு சொல் சேர்ந்தால் வழி எளிதாகும். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு பொருள் வகைக்கு 4,500 ரூபாய். மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சென்னையில் உள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்தவருக்கே அந்த உரிமை உண்டு.

மகளிர் குழுக்கள் முதல் தடவையே ஐயாயிரம் லேபிள் அடித்துவிட்டுப் பிழை தெரிந்ததும் மூட்டையாகக் கட்டி வைக்கும் நிலை மாற வேண்டும். டிஜிட்டலில் நூறு அடித்து, பாட்டிலில் ஒட்டி, கடை அலமாரியில் மற்றவற்றோடு வைத்துப் பார்த்த பிறகு ஆஃப்செட்டுக்குப் போகலாம். மாவட்டத் தொழில் மையம் மாதம் ஒரு நாள் ஒதுக்கி, அச்சுக்குப் போகும் முன் லேபிளைக் கொண்டுவருவோருக்கு இலவசமாகப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்தால், அந்த மேசையில் உட்கார இங்குள்ள பிரஸ்களிலிருந்து ஆள் வருவார்கள். மாவட்ட ஆட்சியர் அவர்கள் இதைக் கவனிக்கும்படி உங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அச்சு, வடிவமைப்புத் தொழிலில் உள்ளோர் சிலர்,
நாகர்கோவில்.